வேம்படியில் ஒரு பொம்மை

இன்று காலை நம் சாத்தூர் அருங்காட்சியகத்தின் குழந்தைகள் அறையைத் துடைத்தபோது, சிவப்புச் சேலை கட்டிய அந்த மரப்பொம்மை, பட்டாசு ஆலை மாதிரியின் ஓர் அறைக்குள் கிடந்தது. நேற்று வந்த பிள்ளை யாரேனும் வைத்திருக்கும். சேலை வெளுத்துவிட்டது. முகம் மட்டும் நீ வரைந்தபடியே கோணலாக இருக்கிறது.

அந்த மாதிரியை நீதான் செய்தாய்: சிற்றறைகள், ஐந்து பெண்கள், ஒரு வேப்பமரம். பிள்ளைகள் மனத்தில் உள்ளதை விளையாடிக் காட்டுவார்கள் என்றாய். மனத்தைக் காட்ட அருங்காட்சியகம் எதற்கு என்றேன் நான். இங்கே பிள்ளைகளுக்குப் பொறுப்பு நீ, பொருள்களுக்குப் பொறுப்பு நான். எண்ணிட்ட பொருள் அதற்குரிய இடத்தில் இருந்தாக வேண்டும்.

ஏழாயிரம்பண்ணைப் பால்வாடிப் பிள்ளைகள் மாதம் ஒருமுறை வேனில் வந்தார்கள். அவர்களில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, நான்கு பொம்மைகளை ஓர் அறையில் அமர்த்தி, இந்தச் சிவப்புச் சேலைப் பொம்மையை மட்டும் வேம்படியில் வைத்தாள். ஏன் என்று கேட்டாய்.

“நாலு பேருக்கு மேல உள்ள இருக்கக் கூடாது. இது எங்கம்மா. வெளிய இருக்கட்டும்.”

ஓர் அறையில் நால்வர்தான் என்ற ஆலை விதியை வைத்தே தாயை வெளியே கொண்டுவந்துவிட்டாள். உனக்கு அது உடனே விளங்கிற்று. நான் மாலையில் பொம்மையை எடுத்து, பதிவேட்டின்படி உள்ளே வைத்தேன். அடுத்த மாதமும் அவள் வெளியே எடுத்தாள். நானும் உள்ளே வைத்தேன். மூன்றாம் மாதம் பாவாடைக்குள் ஒளித்துக் கொண்டுபோனாள். வேன் வாசலில், எல்லாப் பிள்ளைகளும் பார்க்க, அதை அவளிடமிருந்து பிடுங்கினேன். அவள் அழவில்லை.

“அந்தப் பிள்ளைட்ட மன்னிப்புக் கேளு. ஒன் எம்.ஏ. ஒண்ணும் தேஞ்சு போகாது” என்றாய். ஐந்து வயதுக் குழந்தையிடமா என்று சிரித்தேன்.

அதற்கடுத்த முறை அவள் எதையும் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். ‘ஒழுங்கு கூடியிருக்கிறது’ என்று பதிவேட்டில் எழுதினேன். அந்த வரியை வாசித்ததும் பதிவேட்டை மூடி என் பக்கம் தள்ளினாய். பிறகு அவள் பள்ளிக்குப் போய்விட்டாள், நீயும் போய்விட்டாய்.

இப்போது ஆலை விபத்துச் செய்தி வரும்போதெல்லாம் இறந்த பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறேன். வாசித்து என்ன பயன்? அவள் தாய் யாரென்று எனக்குத் தெரியாது. சிறுமியின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. எல்லாப் பிள்ளைகளையும் பெயர் சொல்லி அழைத்தவள் நீ. கேட்க இன்று நீ உயிரோடு இல்லை.

பொம்மையை வேம்படியில் வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு நான் இட்ட எண் இன்றும் மனப்பாடம்.