நிந்தவூர்ச் சம்பந்தமும் வேற்றுக்கிரகத் தலையும்

கல்முனைக்குடி
2009 நவம்பர்

என் அன்பு மகன் றிபாஸுக்கு உம்மா சொல்லிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் தங்கச்சியும் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்தச் சூட்டு நாட்டில் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தொழுது நோய்நொடி அண்டாமல் இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் துஆக் கேட்கிறேன். பாரை மீன் வெட்டும்போது வலக்கைப் பெருவிரலில் கத்தி பட்டுவிட்டது, பயப்படாதே மகன், காயம் சின்னதுதான், பேனை பிடிக்கத்தான் ஏலாமல் இருக்கிறது. அதனால் நான் சொல்லச் சொல்ல பஸ்னா எழுதுகிறாள், சொன்னதை மட்டும் எழுது என்று மூன்று தரம் சொல்லிவிட்டேன். (காக்கா, நான் உன் தங்கச்சி பஸ்னா. உம்மா சொன்னதையெல்லாம் எழுதுவேன், சொல்லாததை இப்படி அடைப்புக்குள் எழுதுவேன். உம்மாவிடம் வாசிக்கிற கண்ணாடி இல்லை, அதனால் பயமில்லை. கத்தாருக்குப் போன காக்கா கத்தார் என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள், வெள்ளிக்கிழமையாவது ரெலிபோன் கோல் எடுத்துக் கத்தவும்.)

ஜெமீல் லீவில் வந்து இறங்கிய அன்றே நீ தந்துவிட்ட பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான், உன்னோடு வேலை செய்கிற பிள்ளை என்றாலும் பின்வீட்டுப் பிள்ளை என்ற மரியாதை இன்னும் இருக்கிறது. சவர்க்காரம், தைலம், பால்மா எல்லாம் எடுத்த பிறகு அடியில் ஒரு தலை இருந்தது. வெள்ளையென்றும் சொல்ல ஏலாது மஞ்சளென்றும் சொல்ல ஏலாது, உச்சியிலிருந்து இடது தாடைவரை வெடிப்பு, கண் இருக்கிற இடத்தில் கறுப்புக் கண்ணாடி, உள்ளே மூக்கை வைத்தால் சிகரட் நாற்றம். யுத்த காலம் என்றால் இதைக் கொண்டுவந்தவனை பஸ்ஸால் இறக்கி வைத்திருப்பார்கள், இந்த முறை காரைதீவு செக் பொயின்டில் பெட்டியைத் திறந்த ஆமிக்காரப் பொடியன் தானே அதைப் போட்டுப் பார்த்துச் சிரித்தானாம். அப்புறம்தான் நீ கோலில் விளக்கினாய், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அங்கே பெரிய கடைத்தொகுதியில் வேற்றுக்கிரகத்து ஆட்களைப்போல உடுத்திக்கொண்டு ஊர்வலம் போவார்களாம், நீயும் உன் அறைப் பொடியன்மாரும் வருஷா வருஷம் போவீர்களாம், ஊருக்குத் திரும்பிய ஒரு பிலிப்பைன்ஸ்காரன் பாவித்த பைபர்த் தலையை மலிவுக்கு விட்டானாம், வெடிப்பை ஒட்டித் தர, தோணிக்குப் பைபர் ஒட்டுகிற வாப்பாவுக்கு இது ஒரு வேலையா என்றாய். வேலை இல்லைதான் மகன். ஆனால் உன் வயதுக்காரன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போகிறான், என் மகன் சந்திரனுக்குப் போகிறான்.

எனக்கு உள்ளுக்குள் இருந்த பயம் வேறு. நீதானே சொன்னாய், ரியூசன் காலத்தில் கண்ட நிந்தவூர் சுல்பிகா என்றால் ஓம், மற்ற இடமெல்லாம் வேண்டாம் என்று. அவள் இப்போது விஞ்ஞான ரீச்சர், காணி பூமி உள்ள குடும்பம், வாசலிலேயே அவளுக்கென்று வீடும் கட்டி வைத்திருக்கிறார்கள். அவட உம்மா சுஹறா, ஒரு நாளைக்கு உங்கட வீட்டுக்கு வந்து கதைக்கவா என்று ஆள் அனுப்பிக் கேட்டா. அவர்கள் கையில் ஒரு இஞ்சினியர் மாப்பிள்ளையும் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். இஞ்சினியரையும் உன்னையும் தராசில் வைக்கிற நேரத்தில் உன் தட்டில் இந்தத் தலையும் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். அதனால் அவர்கள் வந்து போகும்வரைக்கும் தலை வெளியே தெரியக்கூடாது என்று வீட்டில் கட்டளை போட்டேன். (கட்டளைக்குக் கீழ்ப்படிய எல்லாரும் தலையை ஆட்டினோம். எந்தத் தலையை என்று உம்மா கேட்கவில்லை.)

வாப்பாவைத் தெரியும்தானே, கையில் ஒரு வெடிப்புக் கிடைத்தால் சோறு தேவையில்லை. சுனாமிக்குப் பிறகு கொடுத்த பைபர் தோணியெல்லாம் இப்போதுதான் ஒவ்வொன்றாக வாயைப் பிளக்கிறது, கடற்கரைக் கொட்டிலில் மீன்பிடிக்கிற சாமித்தம்பியின் தோணி கவிழ்த்தபடி காத்துக் கிடக்கிறது. அதை விட்டுவிட்டு மனிசன் உன் தலையைத் தூக்கிக்கொண்டு வீட்டு ஹோலுக்குள் வந்துவிட்டார், வெளியே அடைமழை, ஈரத்துக்கு ரெசின் பசை காயாதாம். வெடிப்பின் இரண்டு பக்கமும் ராவி, உள்பக்கம் பைபர் பாயை வெட்டி வைத்து ஒட்டி, வெளியில் புட்டி பூசி, காய்ந்ததும் தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்த்தார். வீடெல்லாம் ரெசின் வாசம், சோற்றுக்கு ஆணம் வைத்தாலும் தோணி வாசம்தான். (காக்கா, உன் தலைக்கனம் பாதி குறைந்துவிட்டது, வாப்பா ராவிய தூளை அளந்தால் ஒரு சுண்டு வரும்.) சாமித்தம்பி ஒவ்வொரு நாளும் வெளிவாசல் கடப்படியில் வந்து நின்றுகொண்டு, பக்கீர் பாஸ், என்ட தோணி குப்புறக் கிடந்து அழுவுது, நீங்க மகன்ட மண்டைய ஒட்டுறீங்க, மண்டை கடலுக்குப் போய் மீன் கொண்டாருமா என்று கேட்பார். தோணி நாளைக்கும் தோணிதான் சாமித்தம்பி, பெருநாள் ஒரு நாள்தானே என்று வாப்பா தேய்த்துக்கொண்டே சொல்வார். அப்படி ஏசினவர்தான் கடைசியில் தன் தோணிக்கு வாங்கி வைத்த வெள்ளைப் பெயின்டில் கொஞ்சத்தையும் தந்தார். (வாப்பா ஒரு பரீட்சையும் பாஸ் இல்லை, ஆனால் ஊருக்கே பாஸ். எனக்கு மட்டும் சாதாரண தரம் பாஸாக வேண்டுமாம்.)

இனி அளவுக்கு வருகிறேன். தலை பெரிது, உன் தலைக்குப் பொருந்த உள்ளே பஞ்சு வைக்கச் சொன்னாய். பழைய லைஃப் ஜக்கெட்டைக் கிழித்து அதன் பஞ்சை எடுத்தாயிற்று, உன் தலையின் அளவு யாரிடம் இருக்கிறது. நான்தான் அலுமாரியைத் திறந்து நீ விட்டுவிட்டுப் போன தொழுகைத் தொப்பியை எடுத்துக் கொடுத்தேன், என் பிள்ளையின் தலை இதைவிடக் கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று. வாப்பா அந்தத் தொப்பியைச் சுற்றி நூல் பிடித்து, அந்த அளவுக்கே உச்சியிலிருந்து கழுத்துவரை பஞ்சு ஒட்டி முடித்தார். தொப்பி காதுக்கு மேலே நிற்கிற சாமான், இது காதையும் தாடையையும் தாண்டிக் கீழே இறங்கவேண்டிய சாமான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. (எனக்குத் தோன்றியது. என்னிடம் யாரும் கேட்கவில்லை.)

நிந்தவூரார் பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வருகிறோம் என்றார்கள். அங்கே தொழுதுவிட்டு வெளிக்கிடுவார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம், அவர்கள் முன்னமே வந்து எங்கள் பள்ளியிலேயே தொழுதுவிட்டார்கள். நான் குசினியில் கொழுக்கட்டை அவித்துக்கொண்டு நிற்கிறேன், பஸ்னா ஹோலைக் கூட்டுகிறாள், வாப்பா பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போனவர், றிபாஸ்ட தலையும் என்ட தலையும் ஒண்டுதான், ஒருக்காப் போட்டுப் பாப்பம் என்று மாட்டியிருக்கிறார். பஞ்சைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டது. கழற்றப் பார்த்தால் இரண்டு காதும் பஞ்சுக்கு மேலே மடங்கி நிற்கிறது, இழுத்தால் உயிர் போகிறது. அதற்குள் கடப்படியில் வேன் நின்றுவிட்டது. சுஹறாவும் அவட புருஷன் ஹாஜியாரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வர, கதிரையில் வெள்ளைச் சாரனும் கைவெட்டுப் பெனியனும், அதற்கு மேலே வேற்றுக்கிரகம். (வெளிநாட்டு மாப்பிள்ளையைக் கேட்டு வந்தவர்களுக்கு முதலில் கிடைத்தது வெளிக்கிரகத்து வாப்பா.)

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்தத் தலையின் வாய்ப்பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருந்ததே, பஸ்னா அதற்குப் புது பெற்றரி போட்டு வைத்திருக்கிறாள், கதைத்தால் குரல் இரும்பாக மாறி வருகிறது. வாப்பா மரியாதைக்கு எழுந்து நின்று ஸலாம் சொன்னார். கிணற்றுக்குள் தகரம் விழுந்ததுபோல அஸ்ஸலாமு அலைக்கும் என்று வந்தது. சுஹறா இரண்டடி பின்னுக்குப் போய்ச் சுவரில் சாய்ந்துவிட்டா. ஹாஜியார் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, வஅலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு என்று ஒரு எழுத்துக் குறையாமல் பதில் சொன்னார். ஸலாமுக்குப் பதில் கடமை, சொன்னது யாரென்று அதற்குப் பிறகுதானே பார்க்கவேண்டும். இருங்க இருங்க என்று வாப்பா இரும்புக் குரலில் உபசரிக்கிறார், நான் கொழுக்கட்டைத் தட்டோடு வாசலில் நின்று அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நிற்கிறேன்.

அந்த நேரம் பார்த்துச் சாமித்தம்பி தோணியைக் கேட்க வந்தார். வந்தவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மண்டை கடைசியில ஆளையே புடிச்சிட்டுதா பாஸ் என்று சொல்லிக்கொண்டே பொலித்தீன் சொப்பின் பேக் ஒன்றைக் கிழித்து, காதுக்கும் பஞ்சுக்கும் நடுவே இரண்டு பக்கமும் மெதுவாகச் செருகினார். ஹாஜியார் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வாப்பாவின் தோளை அமத்திப் பிடித்தார், சாமித்தம்பி மேலே இழுத்தார், யா அல்லாஹ் என்று ஒரு இரும்புச் சத்தத்தோடு தலை வந்துவிட்டது. வாப்பாவின் காது இரண்டும் அவித்த இறால். அந்தக் காதோடு உட்கார்ந்துதான் அவர் உன் குணநலன்களைப் பற்றிக் கதைத்தார். இந்தச் சாமான் ஆருட என்று சுஹறா கேட்டா. பொய் சொல்ல வாய் வரவில்லை மகன், எங்கட மகன்ட என்று சொல்லிவிட்டேன், எதற்கென்றும் சொல்லிவிட்டேன். பிறகு உன் படம் ஒன்று கேட்டா. சுனாமியில் ஆல்பத்தைக் கடல் கொண்டுபோன பிறகு வீட்டில் இருப்பது உன் பாஸ்போட் படம் ஒன்றுதான், அதில் நீ கடன்காரனைக் கண்டவன் மாதிரி இருக்கிறாய். அவ படத்தைப் பார்த்தா, மேசையில் இருந்த தலையைப் பார்த்தா, திரும்பப் படத்தைப் பார்த்தா. தேத்தண்ணி குடித்தார்கள், உங்கட மகன் நல்ல பிள்ளைதான், யோசிச்சுச் சொல்றம் என்று எழும்பிப் போனார்கள்.

யோசித்துச் சொல்கிறோம் என்றால் நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். நான் இரண்டு நாள் வாப்பாவோடு கதைக்கவில்லை. அவர் பஞ்சையெல்லாம் பிடுங்கி, காதுக்கு இடம் விட்டுத் திரும்ப ஒட்டினார். உனக்குக் கோல் எடுத்தும் சொல்லவில்லை, நீ அவ்வளவு தூரத்தில் தனியாக இருந்துகொண்டு இதைக் கேட்டு என்ன செய்வாய். இஞ்சினியர் வீட்டோடு நிக்காஹ் நாள் குறித்துவிட்டார்கள் என்றுகூட மீன் சந்தையில் ஒருத்தி சொன்னாள், அதைக் கேட்டுவிட்டு வந்துதான் விரலை வெட்டிக்கொண்டேன். (உம்மா பாரை மீனைக் குற்றம் சொல்கிறா. பாரைக்குப் பாரம் தாங்காது.)

நேற்று மழை விட்ட நேரம் சுஹறா தனியாக வந்தா, கையில் ஒரு சட்டி மஸ்கட் இனிப்பு. சொல்ல வந்ததை மஸ்கட் வெட்டிக்கொண்டே சொன்னா. வீட்டுக்குப் போய் நடந்ததை மகளிடம் சொன்னாவாம், மகள் கட்டிலில் விழுந்து சிரித்தாளாம். தன் வாப்பா உண்மையாகவே அந்தத் தலையின் ஸலாமுக்குப் பதில் சொன்னாரா என்று திரும்பத் திரும்பக் கேட்டாளாம். அடுத்த நாள்தான் சம்பந்தத்தைப் பற்றி வாயைத் திறந்தாளாம். இஞ்சினியர் வீட்டுக்குப் போய் வந்தீங்களே உம்மா, அங்க ஆராவது சிரிச்சாங்களா என்று கேட்டாளாம். மாப்பிள்ளை நம்மட வீட்டுக்குத்தானே வந்து இரிக்கிற, அந்த மனிசன் வந்தா நம்மட வீட்டுக்குள்ள நாம மெதுவாக் கதைக்கணும், இந்த மனிசன் வந்தா சிரிக்கலாமே என்றாளாம். ஹாஜியாருக்கு முதலில் மனமில்லையாம், பிறகு, பிடிச்ச தோளை விட்டுட்டு வரவும் ஏலாது என்று சொன்னாராம். எனக்கு இதெல்லாம் கதையாகத்தான் கேட்டது, முடிவு என்னவென்று விளங்கவில்லை. எழும்பும்போது சுஹறா கைப்பையிலிருந்து ஒரு சிவப்பு ரிபனை எடுத்து என் கையில் வைத்தா, ஒரு இடத்தில் முடிச்சுப் போட்டிருந்தது. புள்ளக்கும் அந்தத் தலையில ஒண்டு வேணுமாம், முக்காட்டோட சேத்து அளந்திரிக்கி, மாப்பிள்ளைட வாப்பாட்டக் குடுங்க என்றா. வந்த நாளிலிருந்து உங்கட மகன் உங்கட மகன் என்று கதைத்த வாய், மகன், நேற்றுத்தான் மாப்பிள்ளை என்றது. பெருவிரல் நோவு எங்கே போனதென்று தெரியவில்லை.

நம் ஊரில் பெண்ணுக்கு வளையல் அளவு வரும், மோதிர அளவு வரும், தலை அளவு வந்தது இதுதான் முதல் என்று வாப்பா ரிபனை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். காலையிலேயே கடற்கரைக்குப் போய்விட்டார், முதலில் சாமித்தம்பியின் தோணி, அதற்குப் பிறகு மருமகளின் தலை என்று என்னிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். உன்னுடையதை ஜெமீலின் கையில் தருகிறேன், உள்ளே சுஹறா தந்த மஸ்கட்டில் பாதியும் கொஞ்சம் கருவாடும் சுற்றி வைத்திருக்கிறேன், அதை எடுத்த பிறகு தலையில் போடு. பெருநாள் தொழுகைக்கு முதலில் போ, ஊர்வலம் பிறகு. போட்டுக்கொண்டு ஒரு படமும் கழற்றிவிட்டுச் சிரித்தபடி ஒரு படமும் எடுத்து அனுப்பு, நிந்தவூருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. (எது யாருக்கு என்று உம்மா சொல்லவில்லை, நான் மாற்றிக் கொடுக்காமல் பார்த்துக்கொள்கிறேன். வருகிற நோன்புப் பெருநாள் உனக்குத் தலைப்பெருநாள் காக்கா, இரண்டு தலையோடு வரவும்.)

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் ஹலாலான உழைப்பில் றிஸ்கையும் இந்தப் பிள்ளையோடு சிரித்து வாழ்கிற வாழ்க்கையையும் தரட்டும். ஓம் என்றால் உடனே கோல் எடு, நான் ரிபனைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.

மாப்பிள்ளையின் உம்மா,
சுபைறா