மேல்கொல்லை இல்லாத வரைபடம்

அன்பு மகள் கோகிலவாணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மாடு கன்றுகளும் சுகம், மாரியாத்தா புண்ணியத்தில் இந்த வருடம் சித்தேரியில் மழைக்கும் குறைவில்லை. டேராடூன் குளிரில் நீ எப்படி இருக்கிறாய், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறாயா? போனில் பேசினால் அழுகை முந்திக்கொள்ளும், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் சர்வே ஆபீசிலிருந்து நீ அனுப்பிய, வெள்ளைக்காரன் காலத்து மலை வரைபடத்தின் நகல் வந்து சேர்ந்தது. வன உரிமைப் பட்டா கேட்கிறவர்கள் பழைய ஆதாரம் இருந்தால் கிராம சபைக்குக் கொண்டுவரலாம் என்றார்களே, அதற்காக அப்பா ஆசையாகப் பிரித்தார். ஓடை இருக்கிறது, எதிர்ச்சரிவில் செல்லி அத்தை வகையறாவின் குடிசையும் நிலமும் இருக்கிறது, நாம் சாமை விதைக்கிற மேல்கொல்லை இருக்கிற இடத்தில் மட்டும் வெறும் மரங்களாக வரைந்திருக்கிறது. அப்புறம்தான் விளங்கியது. அளக்க வந்தவர்களிடம் வரிக்குப் பயந்து, மேலே கரடி நடமாட்டம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினாராமே உன் கொள்ளுத்தாத்தா, அந்தச் சாமர்த்தியத்தைத்தானே நோம்பி பண்டிகை வந்தாலே சொல்லிச் சிரிப்போம். இப்போது சிரிப்பு வரவில்லை.

அப்பா அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார். இதைக் காட்டினால் நம் கொல்லையைக் காடு என்றே முடிவு கட்டிவிடுவார்களாம். அத்தைக்காகவாவது காட்டலாமே என்றதற்கு, "நம்ம கையாலயே நம்ம கண்ணக் குத்திக்கச் சொல்றியா" என்று என்மேல் பாய்ந்தார். ஆனால் செல்லி அத்தையிடம் வேறு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை, கடைசியில் நானே எடுத்துப் போய்ச் சபையில் விரித்துவிட்டேன். அப்பா தடுக்கவில்லை, கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். அத்தையின் மனுவை ஏற்றுக்கொண்டார்கள், நம்முடையதை விசாரணை என்று நிறுத்திவிட்டார்கள். உடனே அத்தை எழுந்து, "அந்தக் கொல்லையில நான் கண்ணாலமாகி வந்த வருசத்துலருந்து களை எடுத்திருக்கறேன், எழுதிக்குங்க" என்று சொல்லிக் கைநாட்டு வைத்தார். அது எடுபடுமா என்று யாருக்கும் தெரியவில்லை. நிலம் போய்விடுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது.

நீ அனுப்பியதால் வந்த வினை என்று மட்டும் நினைத்துவிடாதே கண்ணு. வேளாவேளைக்குச் சாப்பிடு, மாரியாத்தா உன்னை நூறு வயது நன்றாக வைத்திருப்பாள். மறக்காமல் ஒன்று செய். மலைக்கு அப்பால் இருக்கிற ஊர்க்காரர்களும் கேட்கிறார்கள், அவர்கள் பக்கத்து வரைபடத்தையும் தேடி அனுப்பு. நான் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிற அப்பா இப்போது சொல்கிறார், "அதுல நமக்கு எதிரா எது இருந்தாலும் பரவால்ல, அனுப்பச் சொல்லு."

உன் அம்மா,
சின்னபொண்ணு மாதப்பன்