துக்க வீட்டு விதி

என் செல்வி அக்காவுக்கு, வீம்பில் எனக்கே அக்காவாக இருந்தவளுக்கு,

அந்த ஆளை விட்டேனா பார்! முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்ற செய்தியெல்லாம் பிறகு. உன் ஆய்வைத் தன் பேரில் போட்டுக்கொண்ட உன் பேராசிரியர், போன வாரம் நான் கணிதம் நடத்தும் கல்லூரிக்கே சிறப்பு விருந்தினராக வந்தார். காரைக்குடி வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார், அக்கா.

நீ காய்ச்சலில் போய்ச் சேர்ந்து வருடம் திரும்புவதற்குள் அவர் கட்டுரை வந்துவிட்டது. உன் பேரைத் தேடினேன். நன்றி சொல்லும் இடத்தில்கூட இல்லை. ஒரு மனுசனுக்கு எப்படி மனசு வரும்?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக நீ செய்ததைச் சொல்கிறேன். தப்பாகச் சொன்னால் கனவில் வந்து திட்டு.

கணக்குப் போடக் கணிப்பொறி மாதிரி ஒரு பெட்டியும் அதற்குள் ஒரு மூளையும் வேண்டும் என்றுதான் நாமெல்லாம் பழகியிருக்கிறோம். நீ பிடித்துக்கொண்டது வேறு வகை. தலைமை கிடையாது, நினைவும் பெரிதாகக் கிடையாது. தூசு போன்ற கருவிகள் தற்செயலாக இரண்டிரண்டாகச் சந்தித்து, கூட்டமாக ஒரு விடைக்கு வரவேண்டும். அந்த வகை உலகத்தில் ஏற்கெனவே இருந்தது. அதை நம் திங்கட்கிழமைச் சந்தையில் கொண்டுவந்து நிறுத்தியது நீதான். நாளைக்குக் கடையடைப்பு உண்டா, இல்லையா? யாரும் மைக் பிடித்துச் சொல்வதில்லை. ஆளுக்கு ஆள் கேட்டே பொழுது சாய்வதற்குள் சந்தை முழுக்க ஒரே பேச்சாகிவிடுகிறது. எப்படி?

'உண்டு' என்பவரும் 'இல்லை' என்பவரும் சந்தித்தால் என்ன ஆகும் என்ற இடத்தில்தான் நீ முட்டிக்கொண்டு நின்றாய். விடை அப்பாவின் துக்க வீட்டில் கிடைத்தது என்று ஒருநாள் சொன்னாய். வந்தவர்கள் தங்களுக்குத் தோன்றியதைச் சொன்னார்கள். 'வாரேன்' என்று சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போய்க்கொண்டே இருந்தார்கள். துக்க வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாதல்லவா? சொன்னவர் பதில் வாங்காமல் போகிறார், அதனால் மாறுவதில்லை. கேட்டவர்தான் குழம்பி வாயை மூடிக்கொள்கிறார். அடுத்து யார் எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறார். இதற்குத் துக்க வீட்டு விதி என்று பேர் வைத்தாய். ஒரு வாயாவது எப்போதும் பேசிக்கொண்டிருக்கும், சந்தை ஊமையாகவே ஆகாது என்று நிரூபித்தும் காட்டினாய். அவர் அறையில், அவர் போர்டில்தான் எழுதிக் காட்டினாய்.

அவர் டெல்லியில் வளர்ந்தவர். துக்க வீட்டிலிருந்து எப்படிக் கிளம்புவதென்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? நீ பாதி விதியை விட்டுவிட்டாய் என்று நினைத்து, பெரிய மனசோடு திருத்திவிட்டார். சந்தித்தால் இரண்டு பேருமே வாயை மூடிக்கொள்வார்களாம்! நிரூபணத்திலும் ஒட்டுப்போட்டு, உன் தேற்றத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார். அதைப் பார்த்த அன்றைக்கு, சத்தியமாகச் சொல்கிறேன், தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

போன வாரம் எங்கள் கல்லூரியில் அந்தக் கட்டுரையைப் பற்றியே பேசி முடித்தார். கேள்வி உண்டா என்றார்கள். எழுந்தேன்.

"சார், உங்க சந்தையில ரெண்டே பேருன்னு வச்சுக்குவோம். நீங்க அடைப்பு உண்டுங்கிறீக, பக்கத்துல இருக்க எங்க முதல்வர் இல்லைங்கிறாக. சந்திச்சுட்டீக. இப்ப என்ன ஆகும்?"

"ரெண்டு பேரும் அமைதியாயிடுவோம்" என்றார் சிரித்துக்கொண்டே.

"சரி, ஆயிட்டீக. இனிமே யாரு சார் பேசுறது?"

சிரிப்பு நின்றது. ரெண்டு பேர் மட்டும் இருந்தால் வருகிற ஸ்பெஷல் கேஸ் என்று மழுப்பினார். விடுவேனா? போர்டில் ஐந்து பேரை வரைந்தேன். மூன்று 'உண்டு', இரண்டு 'இல்லை'. அவர் விதிப்படியே ஒரு ஜோடியை மோதவிட்டு, வாயடைத்தவரில் ஒருத்தரை 'இல்லை' பக்கம் சேரவிட்டு, இரண்டுக்கு இரண்டாக மறுபடி மோதவிட்டு, ஐந்து வாயையும் அடைத்துக் காட்டினேன். பின்வரிசையில் பிள்ளைகள் கைதட்டினார்கள். முதல்வருக்கு வேர்த்துக் கொட்டியது.

நான் யார் தங்கச்சி என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு விருந்தினர் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். "உங்க அக்கா பேரை ரெண்டாவதா சேர்த்துடலாம்மா. அவங்க போர்டுல எழுதாம விட்ட பாதி விதி என்னன்னு மட்டும் சொல்லுங்க. அவங்க ஆத்மாவும் சந்தோஷப்படும்" என்றார். உன் ஆத்மாவைப் பற்றி அவர் பேசுகிறார், கேட்டாயா? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் அசிங்கமாகியிருக்கும். பேசாமல் எழுந்தேன்.

"என்னம்மா, சொல்லாம போறீங்க?"

வாசலில் நின்று திரும்பினேன். "எங்க ஊருல துக்க வீட்டுல சொல்லிக்கிட்டுப் போறதில்ல சார்."

இங்கே யார் செத்தது என்பதுபோல் அறையைச் சுற்றிப் பார்த்தார். கேட்ட விதியை அப்படியே கையில் கொடுத்துவிட்டேன், அக்கா. அந்த மரமண்டைக்கு விளங்கவில்லை.

அம்மாவுக்கு இதெல்லாம் போதவில்லை. "நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு வந்திருக்க வேணாமா? எம் மக பேரு இல்லாத அந்தக் கட்டுரை எங்குட்டும் நிக்கப்படாது, ஆமா" என்று இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது தினமும் அந்தக் கட்டுரையைப் போட்ட இதழிலிருந்து முடிவு வந்ததா என்று கேட்கிறாள். அவர்களுக்கு அந்த ஐந்து பேர் கணக்கை அனுப்பிவிட்டேன். நீ போர்டில் எழுதியதைப் பார்த்த உன் ஆய்வுக்கூடத் தோழிகளும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். விசாரிக்கிறோம் என்று இதழிலிருந்து எழுதியிருக்கிறார்கள்.

இவ்வளவு ஆங்காரம் ஆகாதுடி மலர் என்கிறாயா? சொல்லிக்கொள். அந்தக் கட்டுரையை அவர் வாயாலேயே திரும்பப் பெற வைப்பேன். உன் விதியையும் நிரூபணத்தையும் உன் பேரில், உன் பேரில் மட்டும், கொண்டுவருவேன். அதுவரை அவர் எந்த ஊரில் பேசினாலும் முன்வரிசையில் நான் இருப்பேன்.

உன்னைத் தூக்கிப்போன அன்றைக்கு வந்தவர்கள் யாரும் சொல்லிக்கொண்டு போகவில்லை. நீயும் சொல்லாமல்தான் போனாய். நான் உன்னிடம் அப்படிப் போகமாட்டேன். போயிட்டு வாரேன், அக்கா. அடுத்து உன் படத்துக்கு முன்னால் வந்து நிற்கும்போது உன் பேர் அச்சில் இருக்கும்.

உன் பொல்லாத தங்கச்சி,
மலர்
மானகிரி