சம்பந்தி விமானத்துக்கு ஒட்டின கண்ணாடி

பிப்ரவரி 9

சாமி கும்பிட்டுட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இல்லன்னா என்னென்ன வார்த்தை வந்து விழுமோ.

இன்னிக்கு மாடல் கண்காட்சி, பெட்டியில வர்ற பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்யற குட்டி விமானங்களுக்கு. என் ரெட்டை ரெக்கை விமானத்தைப் பரிசு மேசையில வெச்சிருந்தேன். ரெண்டு உலக யுத்தத்துக்கும் நடுவுல ராணுவம் ஓட்டின விமானம் அது. மேல் ரெக்கைக்கும் கீழ் ரெக்கைக்கும் நடுவுல குறுக்கும் நெடுக்குமா கம்பி போகும். பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்தியில காட்டி இழுத்தா தலைமுடியாட்டம் நூல் வரும், அதை அறுத்து ஒவ்வொண்ணா ஒட்டணும். அத்தனையும் நான் ஒட்டினது. மூச்சை அடக்கிக்கிட்டு.

நடுவர் குனிஞ்சு பாக்கறாரு. பக்கத்துல எங்க சம்பந்தி. என் அண்ணன் பொண்ணோட மாமனார், அவருக்கும் இதே கிறுக்கு. சிரிச்சுக்கிட்டே சொல்றாரு: "கம்பி வேலை கடைக்காரர் கையா இருக்கும். எங்க சம்பந்தியம்மாவுக்கு ஊசியில நூல் கோக்கவே ஆள் வேணும்."

எல்லாரும் சிரிச்சாங்க. ஒருத்தரே முழுசா செஞ்சாத்தான் பரிசு மேசை. வேற கை பட்டிருந்தா சீட்டுல எழுதி, சும்மா பாக்கற மேசையில வைக்கணும். அதான் அங்க விதி. எங்களுக்கு மாடல் பெட்டி விக்கற கடைக்காரரும் அங்கதான் இருந்தாரு, "நான் தொடவே இல்லீங்க"ன்னாரு. யார் காதுல விழுந்துச்சு? என் விமானத்தைத் தூக்கி அந்த மேசையில வெச்சுட்டாங்க.

திரும்பி வரும்போது அண்ணன் பொண்ணு, "விடு அத்தை, மாமா விளையாட்டுக்குச் சொன்னது. எனக்காக விடு"ங்கறா. அம்மா இல்லாத பொண்ணு, நான் வளத்தவ. தலையாட்டினேன். தலைதான் ஆடுச்சு.

பிப்ரவரி 10

சாமிகிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. அவர் ஒட்டுற எதுவும் ஒட்டக் கூடாது.

மார்ச் 2

தப்பா வேண்டிட்டேனோன்னு யோசிச்சேன். அப்பறம் திருத்திக் கேட்டேன். மத்ததெல்லாம் ஒட்டட்டும், விமானத்துல மட்டும் ஒட்டக் கூடாது. சம்பந்தி குடும்பம் நல்லா இருக்கணும், என் பொண்ணு வாழற வீடு.

மார்ச் 16

கடையில புதுப் பெட்டி வந்திருக்கு. அதுவும் ரெட்டை ரெக்கைதான், பெரிய கம்பெனி சீந்தாத விமானம். யாரோ ஒரு சின்னப் பட்டறைக்காரன் கொஞ்சமே கொஞ்சம் போட்டிருக்கான், அச்சு தேஞ்சிட்டா அதோட சரி. நான் ஒண்ணு வாங்கினேன். சம்பந்தி ஒண்ணு வாங்கினாராம். நல்லது. ஒரே விமானம், ரெண்டு பேரும். பாத்துடலாம்.

பெட்டியைத் தொறந்தா பாதி வேலை நம்ம தலையிலதான். பிளாஸ்டிக் ஓரமெல்லாம் பிதுங்கிக் கிடக்கு. பொருத்த ஒரு குழியோ குச்சியோ கிடையாது. ரெக்கை ஓரம் மொத்தமா இருக்கு, தேச்சுத் தேச்சு மெலிசாக்கணும். விமானி முன்னாடி நிக்கற குட்டிக் கண்ணாடி மட்டும் ரெண்டு வெச்சிருக்கான். முட்டை ஓடு மாதிரி மெலிசு பிளாஸ்டிக், தகட்டுலேருந்து பிளேடுல வெட்டி எடுக்கும்போது ஒண்ணு போயிடும்னு அவனுக்கே தெரியும்.

எனக்கு முதல்லயே சரியா வந்துச்சு. உள்ளுக்குள்ள களிமண்ணை அடைச்சு, பிளேடை அழுத்தாம, தடவித் தடவி வெட்டினேன். மிச்ச ஒண்ணு டப்பாவுல பத்திரமா இருக்கு.

ஏப்ரல் 20

அண்ணன் பொண்ணு போன் பண்ணினா. "அத்தை, மாமா ரெண்டு கண்ணாடியும் கெடுத்துட்டாரு. மூஞ்சியே சரியில்ல. உன்கிட்ட ஒண்ணு இருக்கான்னு கேக்கச் சொன்னாரு."

சாமிக்குக் கண்ணு இருக்கு.

மாடல் செய்யற எங்க கூட்டத்துல மிச்சக் கண்ணாடி கேட்டா இல்லன்னு சொல்றது வழக்கம் இல்ல. சொன்னா நாளைக்கு என் பேருதான் நாறும். "அவரையே வரச் சொல்லு. விமானத்தையும் கொண்டு வரட்டும். நானே ஒட்டித் தரேன்"னேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். "நீ தங்கம் அத்தை"ங்கறா.

தங்கம்தான். இரு.

மே 3

வந்தாரு. செருப்பைக் கழட்டிட்டு, அட்டைப் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கிட்டு. வேலை நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். ரெக்கை நேரா நிக்குது.

கண்ணாடிக்கு வெள்ளைப் பசைதான் வைக்கணும். விரல்ல பட்டா தோலோட பிடிச்சுக்குமே, அந்தச் சின்ன ட்யூப் பசை, அதை வெச்சா முதல்ல ஒண்ணும் தெரியாது. அதோட ஆவி கண்ணாடியில படிஞ்சு, கொஞ்ச நேரம் போனா பால் ஊத்தின மாதிரி வெளுத்துடும். அதுவும் உடனே பெட்டியில போட்டு மூடிட்டா கேக்கவே வேணாம்.

ட்யூபைத்தான் எடுத்தேன். ஊசி முனையில தொட்டு வெச்சேன். பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டு இருந்தாரு. "என்ன சுத்தமான கைங்க உங்களுக்கு"ன்னாரு.

இப்பத் தெரியுதா? வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். "பெட்டியை நல்லா மூடி எடுத்துட்டுப் போங்க சம்பந்தி, தூசி படப் போகுது"ன்னேன்.

சாமி படத்தை இன்னிக்கு நிமிந்து பாக்கல. கோவம் சாமிமேல இல்ல. சும்மாதான்.

மே 11

இன்னிக்கு அடுத்த கண்காட்சி. என்னுது இன்னும் கம்பி கட்டாம கிடக்கு, கொண்டு போகல. அவர் விமானத்தைப் பாக்கறதுக்குன்னே புடவை மாத்திட்டுப் போனேன்.

பரிசு மேசையில இல்ல. தேடினேன். சும்மா பாக்கற மேசையில, ஓரமா இருந்துச்சு. கண்ணாடி நான் நெனச்சதுக்கு மேலயே வெளுத்திருந்துச்சு, கண்ணுல பூ விழுந்த மாதிரி. முன்னாடி சீட்டு. அவர் கையெழுத்து. 'விமானம்'னு போட்டு அவர் பேரு. அதுக்குக் கீழ, 'கண்ணாடி வெட்டி ஒட்டியது: என் சம்பந்தியம்மா.'

நான் செஞ்ச அசிங்கத்துக்கு என் பேரைப் போட்டு வெச்சிருக்காரு, கொட்டை எழுத்துல.

ஒருத்தர், "என்னங்க, அம்மா இப்படி மங்கலாக்கிட்டாங்க?"ன்னாரு. இவர் சொல்றாரு, "அவங்க கை சுத்தம். நான்தான் காயறதுக்குள்ள பெட்டியை மூடிட்டேன். போன தடவை நான் பேசினதும் தப்பு. அந்தக் கம்பி அவங்க கட்டினதுதான்." நடுவர் நின்னுட்டு இருக்கும்போதே சொன்னாரு.

எனக்குக் காது ரெண்டும் சுடுது. எத்தனை நாள் வேண்டிக்கிட்டது. இப்படியா குடுக்கறது, சாமி?

வாசல்ல அவரைப் பிடிச்சேன். "பெட்டி இல்ல சம்பந்தி. பசை."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அன்னிக்கே வாசனை மூக்குல ஏறுச்சே."

"அப்ப ஏன் தடுக்கல?"

"தடுக்க எனக்கு வாய் இருந்துச்சா, சம்பந்தியம்மா?"

அப்பவும் எனக்கு மனசு ஆறல. அதையும் எழுதிடணும். "என் விமானத்துக்கு அடுத்த வாரம் கம்பி கட்டறேன். வந்து உக்காந்து முழுசா பாக்கணும். நடுவுல எந்திரிக்கக் கூடாது"ன்னேன். பக்கத்துல நின்ன அண்ணன் பொண்ணு, "அத்தை, அவருக்கு முதுகு வலி"ங்கறா.

"தலகாணி போடறேன்"னேன்.

மே 18

காலையிலயே வந்துட்டாரு. இடப்பக்கக் கம்பி முடிஞ்சிருக்கு, வலப்பக்கம் பாக்கி. ரெண்டு தடவை கொட்டாவி விட்டாரு, முறைச்சேன். இப்போ மெழுகுவர்த்தியை அவரே பிடிச்சிட்டு இருக்காரு. கொஞ்சம் சாச்சுத்தான் பிடிக்கறாரு, நேரா பிடிக்கச் சொல்லணும்.