மரப்பிடியும் கறுப்பும்

மார்ச் 4, செவ்வாய்

வேலை கிடைத்துவிட்டது. என் வீட்டுக்காரர் செத்த அதே கிடங்கில். பொதி பிரிக்கும் பகுதி. வந்து இறங்கும் துணிப் பொதிகளின் கயிற்றை அறுத்து, சாக்கைக் கிழித்து, துணியை அடுக்க வேண்டும். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

கத்தி நாம்தான் கொண்டுபோக வேண்டுமாம். அங்கே யாரும் யாருக்கும் கத்தி இரவல் தரமாட்டார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். பெரிய மடக்குக் கத்தியாக இருக்க வேண்டும். "சின்னது பழம் வெட்டத்தான் ஆகும்" என்று மேஸ்திரியே சொன்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தான்.

கத்தி கொண்டுவா என்று அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். கொண்டுவருகிறேன்.

இது அவருடைய நோட்டு. முதல் எட்டுப் பக்கம் அவர் எழுத்து. மீதியில் நான் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள், எழுத்து கோணலாகத்தான் வரும். யார் படிக்கப்போகிறார்கள்.

மார்ச் 6, வியாழன்

இரும்புக் கடைக்குப் போனேன். அவருடைய கத்தியையும் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரியில் அவர் சட்டையோடும் செருப்போடும் சேர்த்து ஒரு கவரில் போட்டுக் கொடுத்தது.

கடைக்காரர் அதைப் பார்த்ததும் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கறுப்பு நிறத்தில் இன்னொன்றை எடுத்து, பேப்பர் விரித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

அவருடையது மரப்பிடி. கனம். இரண்டு முனையிலும் பித்தளை. பிளேடில் ஒரு நகப்பள்ளம், அதில் நகத்தை வைத்து இழுத்தால்தான் திறக்கும். ஸ்பிரிங் முரடு. இரண்டு கையும் வேண்டும்.

கறுப்பு பார்க்க அசிங்கம். பிளாஸ்டிக் மாதிரிப் பிடி, சொரசொரவென்று. பிளேடில் ஒரு குமிழ். கட்டைவிரலால் தள்ளினால் டக்கென்று திறந்து நிற்கிறது. பையின் ஓரத்தில் மாட்ட ஒரு கிளிப்பும் உண்டு.

"தினமும் வெச்சுக்கிறதுன்னா கறுப்பை எடுங்கம்மா. ஒரு கையில பொதியப் பிடிச்சுக்கிட்டே இன்னொரு கையில திறக்கலாம்."

ஈரக் கையில் வழுக்குமா என்று கேட்டேன். வழுக்காதாம். அழுத்திக் குத்தினால் மடங்கி விரலில் விழுமா என்று கேட்டேன். பூட்டு இருக்கிறதாம். இன்னொன்றும் கேட்க இருந்தது. அதைக் கடைக்காரரிடம் கேட்க முடியாது.

ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள் என்றார். நல்ல மனுஷன்.

மரப்பிடியின் ஓரத்தில் இரண்டு பள்ளம் விழுந்திருக்கிறது. எங்கேயாவது விழுந்து அடிபட்டிருக்கும். புதுக் கத்தி. மூன்று நாள்கூட அவர் பையில் இருக்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

இரண்டையும் மாற்றி மாற்றி இடுப்பில் வைத்து வீட்டு வேலை பார்த்தேன். கறுப்பு இருப்பதே தெரியவில்லை. மரப்பிடி உறுத்துகிறது. உறுத்தட்டும்.

மார்ச் 10, திங்கள்

முதல் நாள். வாசல் காவலாளி பிளேடில் விரலை வைத்து அளந்தார். "இது கத்தியா, கோடாலியாம்மா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்தத் தூணைப் பார்த்தேன். பொதி ஏற்றுகிற வின்ச்சுக்குப் பக்கத்தில், பச்சைப் பெயின்ட். புதுசாக அடித்திருக்கிறார்கள்.

ஐந்து மாதம் ஆகிறது. பொதி மேலே போகும்போது சரிந்தது. கயிற்றின் சுருக்கு அவர் இடது கையில் விழுந்து, கையையும் கழுத்தையும் சேர்த்து இந்தத் தூணோடு இழுத்து இறுக்கியது. வின்ச் சிக்கிக்கொண்டது. கயிற்றை அறுத்திருந்தால் பொதி விழுந்திருக்கும், அவர் பிழைத்திருப்பார். கிடங்கைக் கூட்டிப் பெருக்குகிற அம்மா ஆஸ்பத்திரி வாசலில் என் காதில் சொன்னாள் — 'புதுக் கயிறு, வெட்டாதே' என்று மேஸ்திரி கத்தினானாம். மறுநாள் கேட்டால், நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்கிறாள். மேஸ்திரி எழுதிக் கொடுத்தது வேறு. கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது, வெட்ட நேரமே இல்லை என்று. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அவர் பக்கத்திலேயே நின்ற, எல்லாரும் நெட்டை என்று கூப்பிடுகிற ஆளும்தான்.

நெட்டை என்னைக் கண்டால் வேறு வழியாகப் போகிறான். ஆறடி ஆளுக்கு ஒளிய இடம் கிடைக்கவில்லை பாவம்.

மேஸ்திரி மத்தியானம் என் பக்கம் வந்தான். நான் கயிறு அறுத்துக்கொண்டிருந்தேன். கையில் மரப்பிடி. நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான். அவனுக்குத் தெரிந்திருக்கும், அது யார் கத்தி என்று.

மார்ச் 13, வியாழன்

சாக்கில் பழந்துணி அடைத்து, ஆள் உயரத்துக்குக் கட்டித் தொங்கவிட்டேன். இரண்டு கத்தியாலும் குத்திப் பார்த்தேன்.

மரப்பிடி ஆழமாகப் போகிறது. கனம் உதவுகிறது. ஆனால் பூட்டு இல்லை, இரண்டாவது குத்தில் மடங்கப் பார்த்தது. கறுப்பு அவ்வளவு ஆழம் போகவில்லை. ஆனால் பையிலிருந்து எடுத்து, திறந்து, குத்தி — மூன்று எண்ணுவதற்குள். மரப்பிடிக்கு ஒன்பது எண்ண வேண்டியிருக்கிறது. ஒன்பதில் மேஸ்திரி ஓடிவிடுவான். தொந்தியைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் ஓடுவான் என்பது வேறு.

ஆனாலும் அவர் கத்தியால்தான் செய்யணும். அது அவருக்கு நான் செய்கிற காரியம்.

எங்கே? சாப்பாட்டு நேரம் அவன் தனியாகத்தான் உட்காருவான். முதுகு கதவுப் பக்கம்.

மார்ச் 16, ஞாயிறு

நாத்தனார் சாக்கைப் பார்த்துவிட்டாள். துவைக்கிற கல்லுக்குப் பின்னால்தான் ஒளித்துவைத்திருந்தேன். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

ஒன்றும் கேட்காமல் சாக்கை அவிழ்த்து, துணியை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். எல்லாவற்றிலும் ஓட்டை. அவருடைய பழைய பனியன் ஒன்றும் அதில் இருந்தது. நான் கவனிக்கவே இல்லை.

"என் அண்ணன் போனது போதாதா அண்ணி? நீயும் ஜெயிலுக்குப் போயிட்டா நான் யார்கூட சண்டை போடுறது?"

அவள் பனியனைத் தைக்க எடுத்துக்கொண்டு போனாள். யார் போட்டுக்கொள்ளப்போகிறார்கள் என்று தைக்கிறாள்?

மார்ச் 18, செவ்வாய்

முடிவு பண்ணிவிட்டேன். மரப்பிடி. இன்று கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இளக்கி, சாணை பிடித்து, பிடியில் இருக்கும் பள்ளத்தைத் தேய்த்து வழுவழுப்பாக்கித் தரச் சொன்னேன். கையில் உறுத்தாமல் இருக்கணும் என்றேன். வியாழக்கிழமை சாயங்காலம் தருவார். அதுவரை பொதி அறுக்கக் கறுப்பு இருக்கிறது, அதற்கும் காசு கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை.

மார்ச் 20, வியாழன்

கடைக்காரர் தேய்க்கவில்லை. கத்தியைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். உள்ளே வரச் சொல்லி, ஸ்டூலைப் போட்டு, விளக்கைப் பக்கத்தில் இழுத்தார்.

"அம்மா, தேய்க்கலாம்னுதான் எடுத்தேன். இது விழுந்த அடி இல்லம்மா. கடிச்ச தடம்."

பார்த்தேன். மேலே இரண்டு பள்ளம். ஒன்று ஆழம், ஒன்று பாதி. கீழே வரிசையாகச் சின்னச் சின்னதாக.

அவருக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்தது. சோடா மூடியைப் பல்லால் திறந்து உடைத்துக்கொண்டது. கல்யாணமான வருஷம். எதையும் பல்லால் திறக்காதீங்க என்று எத்தனை தடவை — எத்தனை தடவை கத்தியிருக்கிறேன். நூல் அறுக்கப் பல், பொட்டலம் பிரிக்கப் பல்.

இடது கை கயிற்றில். வலது கையால் பையிலிருந்து எடுத்திருக்கிறார். ஒரு கையால் திறக்க முடியாதே. பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டு நகத்தால் இழுத்திருக்கிறார். இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறார்.

நேரம் இருந்திருக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை.

இதை எழுதாமலே இருந்தேன். அவர் சாவதற்கு முந்தின சனிக்கிழமை, அவர் கத்தி வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். கடைக்காரர் அன்றைக்கும் இதே இரண்டைத்தான் காட்டினார். என் வீட்டுக்காரர் கறுப்பைக் கையில் எடுத்து டக் டக்கென்று திறந்து திறந்து பார்த்தார், சின்னப் பிள்ளை மாதிரி. நான்தான் சொன்னேன். இது என்னங்க ரவுடி கத்தி மாதிரி இருக்கு, மரம் எவ்வளவு அழகா இருக்கு, அதை எடுங்க. நான் சொன்னதும் கறுப்பைக் கீழே வைத்துவிட்டார். மறு பேச்சு இல்லை.

சனிக்கிழமை வாங்கினோம். திங்கட்கிழமை.

என்னையும் யாராவது குத்தணும்.

மார்ச் 22, சனி

கிடங்கில் எல்லார் பையிலும் கத்தி இருந்ததே. அவர் ஒருத்தர்தான் கத்தியைத் திறக்க முடியாமல் நின்றவர். மற்றவர்கள் கையெல்லாம் சும்மாதானே இருந்தது?

நான் தப்பான கத்தியைச் சொன்னேன். மேஸ்திரி வெட்டாதே என்று சொன்னான். இரண்டும் ஒன்றாகிவிடாது. நேற்று எழுதியதை அடிக்கப்போவதில்லை. அதுவும் இருக்கட்டும்.

மார்ச் 24, திங்கள்

நெட்டையைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மடக்கினேன். ஒன்றும் பேசாமல் மரப்பிடியை அவன் கையில் வைத்து, தடத்தைத் தடவிப் பார் என்றேன். கட்டைவிரலை வைத்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. அவ்வளவு பெரிய உடம்பு அப்படியே மடிந்து தரையில் உட்கார்ந்தது.

"வெட்டட்டுமான்னு கேட்டேன்க்கா. கத்தியத் திறந்து கையில வெச்சுக்கிட்டுக் கேட்டேன். மூணு தடவை கேட்டேன்."

மேஸ்திரி என்ன சொன்னான் என்று கேட்டேன்.

"புதுக் கயிறுடா, வின்ச்சத் திருப்புங்கடான்னான். அண்ணன் என்னையே பார்த்துக்கிட்டு இருந்தார்க்கா."

கேட்காமல் வெட்டியிருக்கலாமேடா என்றேன். அறைந்தேன். குனிந்து வாங்கிக்கொண்டான். இன்னொன்று அறைந்தேன். அதற்குப் பிறகு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இதை வெளியே சொல்லுவாயா என்றேன். தொட்டித் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவினான். சொல்றேன்க்கா என்றான்.

மார்ச் 25, செவ்வாய்

தொழிலாளர் அதிகாரிக்குக் கொடுக்கிற மனுவை நாத்தனார் எழுதினாள். முத்து முத்தான எழுத்து. நான் சொல்லச் சொல்ல எழுதினாள். நடுவில் மேஸ்திரியை நாலு வார்த்தை திட்டி எழுதச் சொன்னேன். "அதெல்லாம் மனுவுல வராது அண்ணி, வாயால சொல்லு, நான் கேட்டுக்கிறேன்" என்றாள். சொன்னேன். காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு அழுதாள்.

நெட்டை கையெழுத்துப் போட்டான். கடைக்காரர் மரப்பிடி விற்ற ரசீதின் அடிக்கட்டையைக் கொடுத்தார். தேதி தெளிவாக இருக்கிறது.

மேஸ்திரியை விட்டுவிட்டேன் என்று அர்த்தம் இல்லை. அதிகாரிகள் ஒன்றும் செய்யாவிட்டால் கறுப்பு என் பையில்தான் இருக்கிறது.

ஏப்ரல் 3, வியாழன்

விசாரணை கிடங்கிலேயே நடந்தது. அந்தத் தூணுக்குப் பக்கத்தில் மேசை போட்டார்கள். அதிகாரி ஒரு அம்மா, கண்ணாடி போட்டவர், குரலே உயர்த்தாதவர். மேஸ்திரி எனக்கு எதிரே நாற்காலியில். கையை நீட்டினால் எட்டும்.

கண்மூடித் திறக்கிறதுக்குள்ளே முடிஞ்சு போச்சும்மா என்று அதையே சொன்னான். நெட்டை சொன்னான். மூன்று தடவை கேட்டதை மூன்று தடவையும் சொன்னான். அப்புறம் மரப்பிடியை மேசையில் வைத்தேன். அவர் வாய்விட்டுச் சிரிக்கிற படத்தையும் வைத்தேன், உடைந்த பல் தெரிகிற மாதிரி. அதிகாரி அம்மா இரண்டையும் மாற்றி மாற்றி வெகுநேரம் பார்த்தார்.

"அது எப்பவோ கடிச்சதா இருக்கும்" என்றான் மேஸ்திரி.

அடிக்கட்டையை வைத்தேன். கடைக்காரர் எழுந்து நின்று, சனிக்கிழமை நான்தான் விற்றேன், ஒரு கீறல் இல்லை என்றார்.

அதிகாரி அம்மா வின்ச் கயிற்றில் ஒரு துண்டு கொண்டுவரச் சொன்னார். கத்தியைத் திறந்து இந்தக் கயிற்றை அறுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். நான் எழுந்தேன்.

"செஞ்சு காட்டுங்க" என்றார்.

இடது கையில் கயிற்றைப் பிடித்தேன். வலது கையால் கறுப்பை எடுத்தேன். டக்.

மேஸ்திரி நாற்காலியோடு பின்னால் தள்ளிப்போனான். நாற்காலிக் கால் தரையில் கீச்சென்றது. எல்லாரும் அவனைத்தான் பார்த்தார்கள். முகத்தில் வேர்வை. இத்தனை நாளாக நான் நினைத்து நினைத்துப் பார்த்த அதே முகம்.

ஒரு எட்டு. ஒரே ஒரு எட்டு. பொய் எழுத மாட்டேன், கால் எழுந்தது.

செத்துவிட்டால் அவனுக்கு ஒன்றும் கேட்காதே. அதிகாரி அம்மா அடுத்து என்ன கேட்கப்போகிறாரோ, அதை அவன் உட்கார்ந்து கேட்கணும்.

கயிற்றை அறுத்தேன்.

அதிகாரி அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு நொடி" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். பிறகு அவன் பக்கம் திரும்பினார்.

"மூணு தடவை கேட்க எத்தனை நொடி ஆகும் மேஸ்திரி?"

அவர் பேனாவை வைத்துவிட்டுக் காத்துக்கொண்டே இருந்தார்.

ஏப்ரல் 4, வெள்ளி

நாள் முழுக்கத் தூங்கினேன். நாத்தனார் எழுப்பவில்லை.

மே 12, திங்கள்

இன்று பதினாறு பொதி பிரித்தேன். புது மேஸ்திரி அதிகம் பேசுவதில்லை. பழையவனை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள், கேஸும் போட்டிருக்கிறார்கள். கோர்ட்டு வாசலில் அவன் பெண்டாட்டியைப் பார்த்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை. வரணுமா என்ன?

வின்ச் தூணில் ஒரு கறுப்புக் கத்தியைச் சிவப்புக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், யாரையும் கேட்க வேண்டாம். நெட்டை தினமும் காலையில் அதை ஒரு தடவை திறந்து மூடிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறான்.

என்னுடையது இடுப்பில். இருப்பதே தெரிவதில்லை.

மரப்பிடி கோர்ட்டில், கவரில் போட்டு முத்திரை வைத்திருக்கிறார்கள். கேஸ் முடிந்ததும் தருவார்களாம். வந்ததும் கொண்டாங்க, நல்ல பிடியாக மாற்றித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னார்.

ஸ்பிரிங்குக்கு எண்ணெய் போடச் சொல்வேன். பிடியைத் தொடவிடமாட்டேன்.