டாக்டரிடம் அவள் சொன்னது

அன்புள்ள அத்தானுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். அம்சா தூங்கிய பிறகுதான் பேனாவை எடுக்க முடிந்தது.

மகள் சோர்ந்து படுக்கிறாள் என்று நான் எழுதியதற்கு, நீங்கள் சிங்கப்பூரிலிருந்து வற்புறுத்தி எழுதினீர்களே, அதனால்தான் இன்று தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நல்லவேளை.

வாசலிலேயே லேடி டாக்டரிடம், "பதிமூணு வயசாவுது டாக்டர், வயசுக்கு வர்றதப் பத்தி நீங்களே சொல்லிடுங்க. எனக்கு வாய் வரல" என்றேன். காலேஜில் படித்து, பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நான்.

என்னை வெளியே உட்கார வைத்தார். அரை மணி கழித்துக் கூப்பிட்டு, "அவ சம்மதிச்சதாலதான் சொல்றேன். உங்க மக வயசுக்கு வந்து மூணு மாசம் ஆச்சு. ரத்தம் கொஞ்சம் கம்மி, மருந்து தர்றேன்" என்றார்.

அம்சா தலை குனிந்தபடி, "அப்பா மைக் செட்டு கட்டி எஸ்டேட் லயம் பூராவும் சொல்லுவாரு லா. ஸ்கூல்ல பையனுங்க பாட்டே கட்டுவானுங்கம்மா" என்றாள்.

மூன்று மாதமாகத் துணியை ஒளித்துத் துவைத்து, அலமாரிக்குப் பின்னால் காய வைத்திருக்கிறாள், இந்த மலைக் குளிரில். எனக்குக் கோபமே வரவில்லை. பஸ்ஸில் வீடு வரும்வரை கேள்வியாகக் கேட்டுக்கொண்டே வந்தாள், நானும் கூசாமல் பதில் சொன்னேன். அந்த டாக்டருக்கும் உங்களுக்கும் எப்படி நன்றி சொல்வது?

தீபாவளிக்கு வரும்போது ஊரைக் கூட்டிச் சடங்கு வைக்க ஆசைப்படுவீர்கள். வீட்டோடு தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும், மைக் கிடையாது என்று உங்களைக் கேட்காமலே அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். சரியென்று அவள் பெயருக்கே ஒரு வரி எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் அன்பு மனைவி