மூக்குக் குட்டையான விமானம்

மச்சான்,

இன்று பகல் எங்கள் கப்பலின் சாப்பாட்டறைக்குள் நுழைந்ததும் அந்த மணம் மூக்கில் ஏறியது. பிளாஸ்ரிக் ஒட்டுகிற பசையின் மணம். புதிதாக ஏறிய அதிகாரி ஒருவன் மேசையில் பழைய பேப்பரை விரித்து, ஒரு போர்க்கப்பலின் சிறிய மாதிரியை ஒட்டிக்கொண்டிருந்தான். மணம் தொந்தரவாக இருக்கிறதா என்று கேட்டான். இல்லை, எனக்குப் பிடித்த மணம்தான் என்றேன். தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்து நின்றேன்.

நீ போய் ஒரு வருடமாகப் போகிறது. உயிரோடு இருந்தபோது உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. எழுதினால் பூமணிதான் உனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். என் தங்கச்சி வாசிக்கப் போகிற கடிதத்தில் மனம் விட்டு என்னத்தை எழுதுவது? இப்போது அந்தத் தடை இல்லை.

மயிலிட்டிப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்த நாங்கள் இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில்தான் ஊரை விட்டுப் புறப்பட்டோம். நான் கப்பலின் எஞ்சின் அறைக்குள் இறங்கினேன். நீ விமானப் படையில் பயிற்சி விமானியாகச் சேர்ந்தாய். லீவில் வந்தபோது ஒரு படம் காட்டினாய். வெள்ளி நிறப் பயிற்சி ஜெட் ஒன்றின் பக்கத்தில், அதன் சிறகுச் செட்டையில் ஒரு கையை வைத்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி நிற்கிறாய். "குருவும் சீடனும் பக்கத்துப் பக்கத்திலை இருந்து ஓட்டிறது. பிழை விட்டா உடனை தொடையிலை அடி விழும்" என்று சிரித்தாய்.

அந்தக் கண்கள்தான் முதலில் மங்கத் தொடங்கின. நரம்பில் வந்த நோய் என்றார்கள் கொழும்பு டொக்டர்மார். ஒரு கண் போய், மற்றதும் போய், நீ காங்கேசன்துறை ஸ்ரேசனில் வந்து இறங்கியபோது நான்தான் கூட்டிவர வந்திருந்தேன். என் தோளில் கையை வைத்துவிட்டு, "மெல்லமாய்ப் போகாதை, நீ வழமையா நடக்கிற மாதிரி நட" என்றாய். அழுவதற்கு ஆயத்தமாக வந்திருந்த எனக்கு உன்னுடைய வேகத்துக்கு நடக்கவே நேரம் சரியாக இருந்தது.

பிறகு நீ பறந்ததைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. யாராவது கேட்டால் கடல் எப்படி, மீன்பாடு எப்படி என்று கதையை மாற்றிவிடுவாய். என் தங்கச்சி பூமணி உன்னைத்தான் கட்டுவேன் என்று நின்று கட்டினாள். அம்மா அழுதார், ஐயா சில மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் அசையவில்லை. ஆனால் கட்டி இத்தனை வருடமாகியும் நீ அந்தக் காலத்தைப் பற்றி அவளுக்கே சொன்னதில்லை என்று எனக்கு அப்போது தெரியாது.

ஒருமுறை நான் சிங்கப்பூர் ஓடுகிற கப்பலுக்குப் போகப் புறப்பட்டபோது நீ என்னைத் தனியே கூப்பிட்டாய்.

"மச்சான், எனக்கு ஒரு சாமான் வேணும். நான் ஓட்டின விமானம் சின்னதாய்ப் பெட்டியிலை வருதாம். துண்டு துண்டாய் இருக்கும், நாங்கள்தான் ஒட்ட வேணும்."

உன்னோடு பயிற்சி பெற்ற ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். வாங்கி வருகிறேன் என்றேன். நீ விடவில்லை.

"பொறு. அது ரெண்டு விதமாய் விக்குது. ஒண்டு பழசு, நான் ஓட்டினது. மற்றது பிறகு வந்தது, குண்டும் ராக்கெற்றும் காவிறது. பெட்டியிலை இருக்கிற படத்தைப் பாத்தா அதுதான் வடிவாய் இருக்கும். அதை எடுக்காதை."

"எப்பிடிப் பிரிச்சுப் பிடிக்கிறது?"

நீ என் கையைப் பிடித்துப் பெருவிரலைத் தடவிக் காட்டினாய். "பழசின்ரை மூக்கு இப்பிடிக் குட்டையாய் முடியும். மற்றதுக்கு மூக்கு நீளம். ஆள் இருக்கிற இடத்து மேல் கண்ணாடி பழசிலை தட்டையாய்க் கிடக்கும், புதுசிலை ஊதி நிக்கும். செட்டையைப் பாத்து ஏமாறாதை, ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்டுதான்."

எது கிடைத்தாலும் விளையாட்டுச் சாமான்தானே என்று என் முகம் காட்டியிருக்க வேண்டும். முகத்தைப் பார்க்க முடியாத நீ அதை என் மௌனத்தில் கண்டுபிடித்துவிட்டாய்.

"கண் போனது போகட்டும் மச்சான். இப்ப கண்டதும் போகுது. போன கிழமை அந்தக் கண்ணாடியை இழுத்து மூடிற விதத்தை நினைச்சுப் பாத்தன், வரேல்லை. கையிலை பிடிச்சா வரும் எண்டு ஒரு நம்பிக்கை. பிழையான சாமான் கையிலை வந்தா, மிச்சமிருக்கிறதும் அதோடை குழம்பிப் போம்."

அந்தச் சிங்கப்பூர்க் கடையில் இரண்டு பெட்டிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நீ சொன்னது உண்மை. செட்டைக்கடியில் குண்டுகள் தொங்க, நெருப்புக்கும் புகைக்கும் நடுவே பாய்ந்துவருகிற படம் போட்ட பெட்டிதான் கண்ணை இழுத்தது. மற்றப் பெட்டியில் விமானம் வெறும் வானத்தில் சாதுவாகப் போய்க்கொண்டிருந்தது. படங்களை மாறி மாறிப் பார்த்தும் மூக்கு எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும் சரிந்து வருகிறமாதிரி வரைந்திருந்தார்கள். கடைக்காரச் சீனப் பெண்ணிடம் திறந்து பார்க்கலாமா என்று கேட்டேன். அவளுக்கு விருப்பமில்லை. என்னுடைய நண்பனுக்குக் கண் தெரியாது, அவன் ஓட்டிய விமானம் எது என்று நான் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் இரண்டையும் தானே திறந்து வைத்தாள். விமானத்தின் உடம்புத் துண்டை எடுத்து முன்பக்கத்தைப் பெருவிரலால் தடவினேன். நீண்டது. மற்றதை எடுத்தேன். விரல் தடவத் தொடங்க முன்னமே மூக்கு முடிந்துவிட்டது. கண்ணாடியும் தட்டை. இதுதான் என்று சொன்னேன். அவளுக்கும் சந்தோசம்.

ஊருக்குக் கொண்டுவந்து உன் மடியில் வைத்தேன். உடம்புத் துண்டைத் தேடி எடுத்து மூக்கைத் தடவினாய். உன் தோள்கள் தளர்ந்ததை நான் பார்த்தேன்.

"ஓம். இதுதான்."

ஒட்டும் வேலை பின்னேரங்களில் நடந்தது. படம் பார்த்து எது எங்கே என்று நான் சொன்னேன். வேலை முழுக்க உன்னுடையது. என்னைத் தொட விடவில்லை. உடம்பு ஒட்டி முடிந்ததும், காற்று உள்ளே போகிற இரண்டு வாயோரமும் விரலை ஓடவிட்டு நின்றுவிட்டாய்.

"இதிலை ஒண்டு குறையுது. எங்கடைக்கு ரெண்டு பக்கமும் துவக்கு வாய் இருந்தது. குண்டு சுடுற சின்ன ஓட்டை. இது வெள்ளைக்காரன் தன்ரை நாட்டு விமானத்தைப் பாத்துச் செய்தது, அதிலை துவக்கு இல்லை."

"இந்த அளவிலை அது ஆருக்குத் தெரியும்?" என்றேன்.

அடுப்படியில் நின்ற பூமணி நீ கேட்காமலே தையல் ஊசியை நெருப்பில் பிடித்துச் சூடாக்கி, பிடிப்பக்கம் சீலை சுற்றிக் கொண்டுவந்து உன் விரல்களுக்குள் வைத்தாள். நீ மற்ற விரலை அடையாளமாக வைத்து இரண்டு பக்கமும் குத்தினாய். விரல் சுட்டது. வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாய். வெள்ளிப் பூச்சு அடித்துத் தரட்டுமா என்று நான் கேட்டதற்கு, "வேண்டாம், நிறம் இன்னும் ஞாபகம் இருக்கு" என்றாய்.

பசை காய்ந்த பிறகு அதைக் கையில் எடுத்தாய். சாண் அளவுகூட இல்லாத விமானம். கண்ணாடியில் விரலை வைத்துப் பின்னால் இழுக்கிறமாதிரி அசைத்தாய். பிறகு, யாரும் கேட்காமல், கதைக்கத் தொடங்கினாய். பயிற்சியின் போது ஒருநாள் குருவோடு வடக்கே பறந்து வந்ததை. பாயில் இருந்தபடியே விமானத்தை மெல்ல நகர்த்தி, "இது ஆனையிறவு, ரெண்டு பக்கமும் தண்ணி, நடுவிலை றோட்டு ஒரு நூல். இஞ்சாலை புத்தூர், அங்காலை சண்டிலிப்பாய்த் தோட்டங்கள், சிவப்பும் பச்சையுமாய்" என்று சொல்லிக்கொண்டே வந்தாய். பாயின் ஓரத்துக்கு வந்ததும் கை நின்றது. "இது எங்கடை கரை. வள்ளங்கள் கிடந்தது. ஐயாவின்ரை வள்ளத்தைத் தேடினன், பிடிபடேல்லை. அதுக்கிடையிலை கடல் வந்திட்டுது."

பூமணி அடுப்படியை விட்டு வந்து பாயோரத்தில் இருந்தாள்.

"இவ்வளவு நாளும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ இரக்கப்பட்டு என்னைக் கட்டினனியோ எண்டு எனக்கு ஒரு சந்தேகம். இதையும் சொன்னா அது கூடிப்போம் எண்டு பயந்தனான்."

"இரக்கப்பட்டா ஒருநாளைக்குச் சோறு போடலாம்" என்றாள் அவள். "காலம் முழுக்கச் சண்டை பிடிக்கேலாது. உங்களை எனக்குப் பிடிச்சுது, கட்டினன். உந்தக் கதையை இன்னொருக்கால் ஆனையிறவிலை இருந்து சொல்லுங்கோ."

நான் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன். நீங்கள் இரண்டு பேரும் அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள்.

அடுத்த மாதமே உன் தம்பியின் வள்ளத்து எஞ்சின் நின்றபோது, "கொண்டு வா, தொட்டுப் பாப்பம்" என்றாய். சின்னத் துவக்கு வாய் இல்லாததைக்கூடக் கண்டுபிடித்த விரலுக்கு எஞ்சின் பெரிய சாமான் என்பது உன் கணக்கு. முதலில் சிரித்தவர்கள் இருந்தார்கள். நீ கோபிக்கவில்லை. நான் லீவில் வரும்போதெல்லாம் எஞ்சினைப் பற்றி என்னிடம் துருவித் துருவிக் கேட்டாய். எனக்குத் தெரியாததைக் கேட்டு என்னைப் புத்தகம் வாங்க வைத்தாய். சில வருடத்தில் மயிலிட்டித் துறையில் எஞ்சின் பழுதானால் உன் வீட்டுக்குத்தான் வந்தார்கள். எவரும் உனக்கு வேலை தந்து உதவவில்லை மச்சான். தங்கள் வள்ளம் ஓட வேண்டும் என்றுதான் வந்தார்கள். அதில் உனக்கு இருந்த பெருமையை நான் அறிவேன். எனக்கு அதைவிடக் கூட இருந்தது.

உன் நெஞ்சு நின்ற செய்தி எனக்குக் கடலில் கிடைத்தது. நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வீட்டில் ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு மீனவர் மட்டும் வாசல் படலையடியில் தயங்கி நின்றார். அவருடைய எஞ்சினை நீ கழற்றிப் பாதியில் விட்டிருந்தாய். கேட்க வாய் வராமல், தொழிலும் இல்லாமல் நின்ற அவரைப் பூமணிதான் உள்ளே கூப்பிட்டாள். "அண்ணை, நீங்கள் ஒருக்கால் பாருங்கோ" என்று நீ வேலை செய்கிற கொட்டிலுக்கு என்னைக் கூட்டிப் போனாள்.

சாக்கு விரிப்பில் கழற்றிய பாகங்கள் கிடந்தன. இடமிருந்து வலமாக, கழற்றிய ஒழுங்கில், ஒவ்வொன்றுக்கும் உரிய ஆணிகள் அதனதன் பக்கத்தில், சிறியவை தேங்காய்ச் சிரட்டைகளில். தேய்ந்துபோன ஒன்று மட்டும் தனியே, புதியது அதற்குப் பக்கத்தில். நான் வலது கரையில் தொடங்கி இடது கரை வரை பூட்டிக்கொண்டே வந்தேன். ஒரு இடத்திலும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எஞ்சின் முதல் இழுப்பில் பிடித்தது. கொட்டில் வாசலில் நின்ற பூமணி அப்போதுதான் அழுதாள்.

நீ கண் தெரியாததால் அப்படி அடுக்கினாய் என்றுதான் ஊரில் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது இந்த எஞ்சின் அறையில் எதைக் கழற்றினாலும், எனக்குப் பிறகு வருகிறவன் என்னைக் கேட்காமல் பூட்டக்கூடிய மாதிரித்தான் அடுக்கி வைக்கிறேன். எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, மச்சான்.